தொப்புள் புராணம்

தலைப்பைக் கண்டதும் சில நேயர்கள் பத்திரிகையை மடித்துக் குழந்தைகளின் கைக்கு எட்டாத பரணில் வைத்து விடக்கூடும். அவசியமில்லை. கண், காது, மூக்கு, பல் இவற்றைப் பற்றியெல்லாம் குடும்பப் பத்திரிகைகளில் தாராளமாக எழுதுகிறார்கள். இரைப்பையும் ஈரலுங்கூட எத்தனையோ கட்டுரைகளுக்கு விஷயமாகியிருக்கின்றன. தொப்புள் மட்டும் என்ன பாவம் செய்தது? சினிமாக்காரர்கள் அதைப் படாத பாடு படுத்தி விட்டார்கள் என்பது வாஸ்தவந்தான். அதற்காக நாம் அதை ஜாதிப் பிரஷ்டம் செய்து விடலாமா? பகவானுக்குப் பத்மநாபன் என்று திருநாமம் சூட்டி, அந்தப் பெயரையே பிள்ளைகளுக்கும் வைத்துக் கூப்பிடுகிற தேசம் இது. திருவனந்தபுரத்தில் பள்ளி கொண்டிருக்கும் பெருமாளை மூன்று வாயில்கள் வழியாகத் தரிசிக்க வேண்டும். நடு வாயிலில் நமக்குத் தரிசனம் தருவது உந்திக் கமலமும் அதில் வீற்றிருக்கும் பிரம்மதேவரும்தான்.

இவ்வளவு பீடிகை எதற்கென்றால், எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத் தொப்புள் கிடையாது. இருபத்தோரு வருஷ காலம் அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்து பேசியதில்லை. பிறகு பேச நேர்ந்தது; பேசியது மட்டுமல்ல, சண்டையும் நடந்தது. அந்தக் கதையை எழுதும்படி என்னைத் தூண்டியவள் அந்தப் பெண்ணேதான். "பெரியம்மா, என் பெயரை மட்டும் போடாதீர்கள், மற்றதையெல்லாம் எழுதுங்கள்" என்றாள். ஆகையால் வீட்டில் அவளைக் கூப்பிடுகிறபடி குட்டி என்றே இங்கும் குறிப்பிடுகிறேன். நான் முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிர் நூல் சொல்லிக் கொடுத்தவள். ஆகவே நடுநடுவே பாடம் நடத்துகிற வழக்கம் தலை காட்டினால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

குட்டி என் தங்கையின் ஒரே மகள். 2002-ஆம் வருஷம் ஆடி மாதக் கடைசியில் மாயவரத்தில் பிறந்தாள். பிரசவம் ஆன கால் மணி நேரத்துக்கெல்லாம் டாக்டர் அம்மாள் வெளியே வந்து, என் தங்கை கணவரைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். குழந்தையின் வயிற்றுக்கு நடுவில், கொடி தொடங்கும் இடத்தில், சிறு கொய்யாப்பழம் அளவுக்கு ஒரு பை இருந்தது. கண்ணாடிக் காகிதம் போன்ற மெல்லிய தோல். அதற்குள்ளே குடல் மெதுவாக நெளிவது வெளியிலிருந்தே தெரிந்தது. குழந்தையோ ஒன்றும் அறியாமல் கொட்டாவி விட்டது.

இது எப்படி நேரிடுகிறது? கருவுற்ற ஆறாவது வாரத்தில் குடல் மிக வேகமாக நீளுகிறது. அந்தச் சின்னஞ்சிறு வயிற்றில் அதற்கு இடம் போதாது. ஆகையால் அது கொடியின் அடிப்பாகத்துக்குள் இறங்கி, அங்கேயே சில வாரம் தங்கி வளருகிறது. பத்து, பன்னிரண்டாவது வாரத்துக்குள் வயிறு விசாலமானதும் சுருண்டு திரும்பி வீட்டுக்குள் வந்து விடுகிறது. இதை எழுதுகிற நான், படிக்கிற நீங்கள், எல்லோருமே இப்படி ஒரு தடவை வெளியூர் போய் வந்தவர்கள்தான். குட்டியின் குடல் மட்டும் திரும்பி வரவில்லை. நாலாயிரம், ஐயாயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இப்படி நேருகிறது. இக்காலத்தில் ஐந்தாம் மாதத்து ஸ்கான் பரிசோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்து போகும். எங்களுக்கு முன்னதாகத் தெரியவில்லை.

இந்த நோய்க்கு வைத்தியர்கள் 'ஆம்பலோஸீல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றிரவு அந்த வார்த்தையைக் கேட்டதும், ஏதோ ஆம்பல் பூவின் சம்பந்தம் போலிருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. பூவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிரேக்க பாஷையில் 'ஆம்பலோஸ்' என்றால் தொப்புள். டெல்பி என்னும் க்ஷேத்திரத்தில் ஒரு கல்லை நாட்டி, அதுதான் உலகத்தின் தொப்புள் என்று அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் கும்பிட்டு வந்தார்களாம். ஆனாலும் என் தாயார் 'ஆம்பல்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு விட்டாள். அது பின்னால் குட்டிக்கு மிகவும் உபயோகமாயிற்று.

பையின் மேல் சுத்தமான ஈரத் துணி சுற்றி, அன்றிரவே தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். முதலில் இருதயத்தைப் பரிசோதித்தார்கள். இந்தக் கோளாறு உள்ள குழந்தைகளில் கணிசமான பேருக்கு இருதயத்திலும் குறை இருக்குமாம். குட்டிக்கு இருதயம் நன்றாக இருந்தது. மறு நாள் காலையில் ரண சிகிச்சை. குடலை உள்ளே வைத்து, பையையும் கொடியின் மிச்சத்தையும் வெட்டி எடுத்து, வயிற்றை நெட்டுக்குத் தைத்து மூடினார்கள். இரண்டு மணி நேரத்தில் குழந்தை பிழைத்தது. தொப்புளைப் பற்றி அப்பொழுது யாருக்கு ஞாபகம் இருக்கும்? வீடு பற்றி எரியும்போது வாசல் கோலம் அழிந்ததா என்று பார்ப்பவர் உண்டா?

என் தங்கை குழந்தையை ஆறாம் நாள்தான் மடியில் வாங்கிக் கொண்டாள். நம் பக்கத்து வழக்கப்படி, உலர்ந்து விழுகிற தொப்புள் கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்ட வேண்டுமல்லவா? தாயத்து முன்னதாகவே வாங்கி வைத்திருந்தது. அதில் அடைப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. அந்தக் காலித் தாயத்து இன்னமும் என் தங்கையின் பெட்டியில் ஒரு பஞ்சுப் பொட்டலத்தில் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் பாடம். தொப்புள் என்பது ஒரு அவயவமே அல்ல; அது ஒரு தழும்பு. கர்ப்பத்தில் கொடியின் வழியாக ஒரு சிரையும் இரண்டு தமனிகளும் போய் வந்து கொண்டிருக்கும். குழந்தை பிறந்து மூச்சு விட்டதும் அவற்றுக்கு வேலை போய் விடுகிறது. கொடி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுகிறது. உள்ளே அந்த நாளங்கள் சுருங்கி வெறும் நாராகி விடுகின்றன. ஒரு நார் ஈரலை நோக்கி மேலே போகிறது, மற்றவை கீழே போகின்றன. அவை உள்ளேயிருந்து தோலைப் பிடித்து இழுப்பதால்தான் அங்கே குழி விழுகிறது. குழியின் அடியில் தோல் வயிற்றின் நாரோடு ஒட்டிக் கொண்டிருக்கும். நடுவில் கொழுப்பு இராது. ஆசாமி எவ்வளவு பருத்தாலும் அந்த ஓர் இடம் மட்டும் பருக்காமல் ஆழ்ந்து கொண்டே போவதன் இரகசியம் இதுவே.

குட்டியின் வயிற்றில் இந்தக் குழி இல்லை. மார்பெலும்புக்குக் கீழே ஆரம்பித்து, ஒரு சாண் நீளத்துக்கு மெழுகுக் கோடு போல் ஒரு தழும்பு. அவ்வளவுதான்.

சின்ன வயதில் அவள் இதைப் பொருட்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தின்போது என் தாயார் பேத்திகளை வரிசையாக மணையில் உட்கார வைத்து, உச்சியில் ஒரு கை எண்ணெயும் தொப்புளில் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் வைப்பாள். குட்டியின் முறை வந்ததும் அந்தக் கை ஒரு கணம் தயங்கி, தோளுக்குப் போய் விடும். நாலு வயதில் ஒரு நாள் குட்டி கேட்டு விட்டாள்: "பாட்டி, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என் தாயார் சளைக்கவில்லை. "நீ ஆம்பல் பூவில் பிறந்தவளடி. மற்றதுகள் எல்லாம் ஆஸ்பத்திரியில் பிறந்ததுகள்" என்றாள். அன்று முதல் சில வருஷம் குட்டிக்கு ஏகப் பெருமை. தொப்புள் உள்ள தமக்கைமாரைச் சற்று இளக்காரமாகவே பார்த்து வந்தாள்.

பெருமை பத்து வயது வரையில் தாங்கியது. பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குப் போகவில்லை. நாட்டிய வகுப்பில் உடை தைக்கும்போது இடுப்பை மூடித் தைக்கச் சொன்னாள். காலேஜில் சேர்ந்ததும் விசேஷ நாட்களில் மற்றப் பெண்கள் புடவை கட்டிக் கொண்டபோது, இவள் காலர் வைத்த நீளச் சட்டையிலேயே இருந்தாள். நான் உயிர் நூல் உபாத்தியாயினி ஆனபடியால், என்னிடம் மட்டும் எப்போதாவது பேசுவாள். மைக்கேல் ஆஞ்சலோ ரோமாபுரியில் தீட்டிய ஆதாமுக்குத் தொப்புள் இருக்கிறதே, தாய் வயிற்றில் பிறக்காதவனுக்கு அது எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். 1646-ஆம் வருஷத்திலேயே ஸர் தாமஸ் பிரௌன் என்னும் ஆங்கில வைத்தியர், ஆதாம் ஏவாளுக்குத் தொப்புள் வரைவது சித்திரக்காரர்கள் செய்யும் பிழை என்று எழுதி வைத்திருக்கிறார். அதைவிட வேடிக்கை, 1944-ஆம் வருஷம், உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த சமயத்தில், அமெரிக்கக் காங்கிரஸின் ஓர் உபகமிட்டி, சிப்பாய்களுக்கென்று தயாரான ஒரு சிறு புத்தகத்தை ஆட்சேபித்தது. ஆட்சேபங்களில் ஒன்று, அதிலுள்ள படத்தில் ஆதாம் ஏவாளுக்குத் தொப்புள் போட்டிருக்கிறது என்பது! இதைச் சொன்னேன். குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியானால் நானும் ஆதாமும் ஒரே கோத்திரம்" என்றாள். சிரித்து முடித்த பிறகு வெகு நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தாள்.

விஷயம் முற்றியது 2022-ஆம் வருஷக் கடைசியில். ஒரு வரன் வந்தது. நல்ல இடம், ஜாதகப் பொருத்தமும் சொல்லி வைத்தாற்போல் அமைந்திருந்தது. என் தங்கை எதையும் மறைக்கிறவள் அல்ல. பிறந்தவுடன் நடந்த சிகிச்சையைப் பற்றிப் பிள்ளையின் தாயாரிடம் சொல்லி விட்டாள். இரண்டு நாள் கழித்து மத்தியஸ்தர் மூலமாக ஒரு கேள்வி வந்தது: "தொப்புளே இல்லையென்கிறார்களே, அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்குமா?"

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. தொப்புள் என்பது ஒருவர் தம்முடைய தாயாரோடு கொண்டிருந்த பந்தத்தின் அடையாளம். தமக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கும் அதற்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. கர்ப்பப்பை எங்கே, தொப்புள் எங்கே? குட்டியைப் போலச் சிகிச்சை பெற்ற பெண்கள் வளர்ந்து தாயாராகியிருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, ஒரு டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பினோம். பதில் வரவில்லை. பிறகு வேறு இடத்தில் நிச்சயமாகி விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

குட்டி அழவில்லை. மூன்று மாதம் கழித்து, வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று, "எனக்கு ஒரு தொப்புள் வைத்துக் கொள்ளப் போகிறேன்" என்று அறிவித்தாள். பட்டணத்தில் ஒரு டாக்டர் அம்மாளைப் பார்த்துப் பேசி விட்டும் வந்திருந்தாள்.

வீட்டில் கட்சிகள் பிரிந்தன. தகப்பனார் செலவைப் பற்றிப் பேசினார். உண்மையில் அவருக்குப் பயம். "உள்ளதை வைத்துக் கொண்டு சந்தோஷமாக இருக்கக் கூடாதா? இது வெறும் அலங்காரந்தானே?" என்றார். என் தாயார், கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துப் பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் போலித் தொப்புளைக் காட்டி ஏமாற்றியதாகச் சொல்வார்களே என்றாள். ஆனால் கடுமையாக எதிர்த்தவள் என் தங்கைதான். அவள் காரணம் வேறு. "அக்கா, அந்தத் தழும்புதான் குழந்தை பிழைத்ததற்குச் சாட்சி. அந்த ராத்திரி ஆம்புலன்ஸில் அவள் மூச்சு விடுகிறாளா என்று எண்ணிக் கொண்டு போனீர்களே, அதற்கு அது ஒன்றுதான் மிச்சம். அதையும் அழித்து விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?" என்றாள். அவளிடம் காலித் தாயத்து ஒன்று இருக்கிறது என்பதை நேயர்கள் மறந்து விடக் கூடாது.

அலங்காரம் என்ற வார்த்தைக்கு நான் என் மைத்துனரிடம் பதில் சொன்னேன். மூக்கு அறுபட்டவனும் மூச்சு விடத்தான் செய்கிறான். அப்படியிருக்க, கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு அமைக்கும் முறையைச் சுச்ருதர் ஏன் எழுதி வைத்தார்? 1792-ஆம் வருஷ யுத்தத்தில் திப்புவின் சைன்யத்திடம் பிடிபட்டு மூக்கை இழந்த காவாஸ்ஜி என்னும் வண்டிக்காரனுக்கு, புனாவில் நம்மவர் ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்தார். இங்கிலீஷ் படிப்பு இல்லாத தொழிலாளி. அந்தச் சமாசாரம் 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814-இல் லண்டனில் அதே முறையில் மூக்கு வைத்துப் பார்த்தார். இன்று உலகமெங்கும் பிளாஸ்டிக் ஸர்ஜரி என்று கொண்டாடுகிறார்களே, அதன் புனர்ஜன்மம் இப்படித்தான் நடந்தது. மூக்கை இழந்தவன் நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நிற்பதற்காகத்தான் அவ்வளவும். "மூக்கு முகத்தில் இருக்கிறது, தொப்புள் துணிக்குள் இருக்கிறது" என்றார் மைத்துனர். "துணிக்குள் இருப்பதைத்தான் உங்கள் பெண் பத்து வருஷமாக ஒவ்வொரு நிமிஷமும் நினைத்துக் கொண்டிருக்கிறாள்" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

பாட்டிக்கும் தாயாருக்கும் குட்டியே பதில் சொன்னாள். "பாட்டி, யாருடைய தொப்புளும் தழும்புதான். என்னுடையதும் தழும்பாகத்தான் இருக்கப் போகிறது. இதில் போலி எங்கே வந்தது? கேட்கிறவர்களிடம் நானே சொல்லுவேன்." பிறகு தாயாரிடம், "அம்மா, நீ என்னோடு டாக்டரிடம் வா. வந்து கேட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்" என்றாள்.

நாங்கள் மூவரும் 2023-ஆம் வருஷம் ஐப்பசியில் பட்டணம் போனோம். அந்த டாக்டர் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நோயாளியைப் பேச விட்டுக் கேட்கிற சுபாவம். முதலில் குட்டியை நிற்க வைத்து, உட்கார வைத்து, பிறகு படுக்க வைத்துப் பார்த்தார். படுத்தால் தோல் இடம் மாறி விடுமாம். ஆகையால் தொப்புளுக்கு நிற்கும்போதுதான் இடம் குறிக்க வேண்டும் என்றார். இடுப்பெலும்புகளின் மேல் முனைகள் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால், ஏறக்குறைய அந்த மட்டத்தில் தொப்புள் வரும். "நேர் நடுவில் வைப்பீர்களா?" என்று கேட்டேன். சிரித்தார். அளந்து பார்த்தால் பெரும்பாலோருக்கு அது அணுவளவாவது ஒரு பக்கம் விலகித்தான் இருக்குமாம். லியனார்டோ டா வின்ஸி வரைந்த பிரசித்தி பெற்ற மனிதனுக்குத் தொப்புள் வட்டத்தின் மையத்தில் இருக்கிறது. மனிதர்களைப் படைத்தவர் அவ்வளவு கண்டிப்பானவர் அல்ல போலும்.

எப்படிப்பட்ட தொப்புள் அழகு என்பதற்குக்கூட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்க வைத்தியர்கள் பல பெண்களின் படங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். நெட்டுக்குச் சிறியதாக, மேல் விளிம்பில் இமை போல் தோல் சற்றே கவிந்திருப்பதுதான் முதல் மார்க்கு வாங்கிற்று. பெரிய தொப்புளும், வெளியே துருத்திய தொப்புளும் பரீக்ஷையில் தேறவில்லை. என் தொப்புள் எந்த வகுப்பில் சேரும் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

சிகிச்சை முறையை டாக்டர் அம்மாள் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். தோலைச் சிறு இதழ்களாக வெட்ட வேண்டும். ஒவ்வோர் இதழும் அடியில் மட்டும் ஒட்டியிருக்கும், இரத்தம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அடியிலுள்ள கொழுப்பை எடுத்துப் பள்ளமாக்கி, இதழ்களின் நுனியை உள்ளே மடித்து, வயிற்றுத் தசைகள் நடுவில் கூடுகிற வெண்மையான நாரோடு சேர்த்துத் தைத்து விட வேண்டும். பிறவியில் நாளங்கள் உள்ளேயிருந்து இழுத்துச் செய்த வேலையை இந்தத் தையல் செய்யும். இந்த முறையில் நுட்பமான வகைகள் பலவற்றை ஜப்பானிய வைத்தியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். "குழி செய்வது கஷ்டமில்லை. அது மூடிக் கொள்ளாமல் காப்பாற்றுவதுதான் கஷ்டம்" என்றார். வட்டமாக வெட்டித் தைத்தால் அந்தத் தழும்பு சுருங்குகிறபோது சுருக்குப் பையின் வாய் போல் இறுகி விடும். ஆகவே தையல் ஒரே வட்டமாக ஓடாமல், இதழ்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கொள்ளும்படி வளைந்து வளைந்து போக வேண்டுமாம். பூக்காரி சரம் கட்டுவதை அவர் கவனித்திருக்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டேன்.

தொப்புளை இழக்கிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெரிய குடலிறக்கத்துக்குச் சிகிச்சை செய்யும்போது சிலருக்குப் போய் விடுகிறது. பிறவியிலேயே மூத்திரப்பை வெளியே திறந்திருக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள் மிகத் தாழ்ந்து இருக்கும். அதை மேலே ஏற்றி வைக்கிறார்கள். தொங்கும் வயிற்றைக் குறைக்கும் சிகிச்சையில் தோலைக் கீழே இழுத்துத் தைக்கும்போது, தொப்புளை மட்டும் அதன் காம்போடு நிறுத்தி, புதிதாக ஒரு துவாரம் செய்து வெளியே எடுக்கிறார்கள். 1957-இல் வெர்னன் என்பவர் எழுதிய முறை அது. மார்பில் புற்று நோய் வந்து சிகிச்சை பெற்ற பெண்களுக்கு வயிற்றுச் சதையைக் கொண்டு மார்பு அமைக்கிறார்களே, 1982-இல் ஹார்ட்ராம்ப் என்னும் அமெரிக்கர் பிரசுரித்த அந்தச் சிகிச்சையிலும் தொப்புளுக்குப் புது வாசல் திறக்க வேண்டியிருக்கிறது. குட்டியைப் போன்ற குழந்தைகளுக்கோ, இப்பொழுதெல்லாம் பல வைத்தியர்கள் முதல் சிகிச்சையிலேயே தொப்புளையும் அமைத்து விடுகிறார்களாம்.

என் தங்கை அதுவரையில் வாய் திறக்கவில்லை. கடைசியாக, "பழைய தழும்பு?" என்று மட்டும் கேட்டாள். டாக்டர் அம்மாளுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எப்படியோ புரிந்து விட்டது. "அதை நான் தொடப் போவதில்லை, அம்மா. மேலேயும் கீழேயும் அப்படியே இருக்கும். நடுவில் ஓர் அங்குலம்தான் எனக்கு வேண்டும். அந்தத் தோலையே மடித்துத்தான் தொப்புள் செய்யப் போகிறேன்" என்றார். ஆபத்துக்களையும் மறைக்கவில்லை. இதழின் நுனிக்கு இரத்தம் போதாமல் கருகலாம், சீழ் வைக்கலாம், ஒரு வருஷத்தில் குழி ஆழம் குறையலாம், கர்ப்ப காலத்தில் வயிறு விரியும்போது தட்டையாகலாம். தழும்பின் குறுக்கே இரத்த ஓட்டம் சரியாக இராதாகையால் இதழ்களை ஒரு பக்கத்திலிருந்தே எடுக்கப் போவதாகவும் சொன்னார். திரும்பி வருகிற ரயிலில் என் தங்கை, "தை மாதத்தில் வைத்துக் கொள்ளலாம், மார்கழி வேண்டாம்" என்றாள். அதுதான் சம்மதம்.

நடுவில் இன்ஷியூரன்ஸ் கம்பெனியோடு ஒரு சிறு யுத்தம். எந்தக் கம்பெனி என்று சொல்வதாக இல்லை. இது அழகுக்காகச் செய்து கொள்ளும் சிகிச்சையாகையால் பணம் தருவதற்கில்லை என்று எழுதினார்கள். பிறந்த மறு நாள் வயிற்றைத் திறந்ததன் பின்விளைவு என்று நாங்கள் எழுதினோம். அப்படியானால் அது பிறவிக் குறை, அதற்கும் தருவதற்கில்லை என்று பதில் வந்தது. ஒரே வயிறு அழகாகவும் இருந்து குறையாகவும் இருந்து இரண்டு வழியிலும் பணம் பெறத் தகுதியற்றதாயிருப்பதைக் கண்டு குட்டி ஆச்சரியப்பட்டாள். கடைசியில் அவள் சம்பளமும் பாட்டியின் காசு மாலையில் நாலு காசும் சேர்ந்து செலவு நடந்தது. பாட்டி தானாகவே கழற்றிக் கொடுத்தாள், யாரும் கேட்கவில்லை.

2024-ஆம் வருஷம் தை மாதத்தில் ஆபரேஷன். அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்தார்கள். குட்டி விழித்துக் கொண்டேயிருந்து டாக்டர் அம்மாளோடு பேசிக் கொண்டிருந்தாளாம். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வரும்போது வயிற்றின் நடுவில், களிம்பு தடவிய துணியை உருட்டி அடைத்து, மேலே கட்டுப் போட்டிருந்தார்கள். பத்தாம் நாள் தையலைப் பிரித்தார்கள். ஓர் இதழின் நுனி கொஞ்சம் கறுத்து எங்களைக் கலக்கியது. இரண்டு வாரத்தில் தானே உதிர்ந்து ஆறி விட்டது. பிறகு மூன்று மாத காலம் ராத்திரி பகலாக அந்தக் குழியில் ரப்பரைப் போன்ற ஒரு சிறு அடைப்பானை வைத்திருக்க வேண்டும். குளிக்கும்போது எடுத்துக் கழுவி மறுபடி வைக்க வேண்டும். வாய் இறுகாமலிருக்க இதுவே காவல். ஒரு நாள் அது தவறி விழுந்து, வீடு முழுவதும் தேடி, கடைசியில் பூஜை அறையில் கற்பூரத் தட்டில் அகப்பட்டது. அங்கே எப்படிப் போயிற்று என்பதை எங்களில் யாராலும் இன்னமும் விளக்க முடியவில்லை.

சித்திரைக் கடைசியில் அடைப்பானை நிறுத்தினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை குட்டி ஊருக்கு வந்திருந்தாள். என் தாயாருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கண் பார்வை மங்கி விட்டது. "எண்ணெய் வைக்கிறேன், வாடி" என்று கூப்பிட்டாள். குட்டி, இருபத்தோரு வயதுப் பெண், மணையில் போய் உட்கார்ந்தாள். பாட்டி உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்தாள். பிறகு விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, இடது கையால் தடவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு சொட்டு விட்டாள். "வழிகிறதா?" என்று கேட்டாள். "வழியவில்லை, பாட்டி" என்றாள் குட்டி. என் தங்கை சமையலறையில் ஏதோ பாத்திரத்தை உருட்டிக் கொண்டிருந்தாள்.

சென்ற தையில் மறுபடி அளந்து பார்த்ததில் ஆழம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான், இதற்குமேல் அதிகம் குறையாது என்று டாக்டர் அம்மாள் சொல்லியிருக்கிறார். குட்டி அதைக் காதில் வாங்கிக் கொண்டதாகவே தெரியவில்லை. இந்த வருஷத்துத் தீபாவளிக்குத் தனக்குச் சட்டைத் துணி வேண்டாமாம். சுங்கடிப் புடவையாக இரண்டு, அரக்கில் ஒன்றும் கருநீலத்தில் ஒன்றும், மதுரைக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி வாங்கி வைக்கச் சொல்லி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்.